லான்சரா, எவோவா? மலை வீதியில் அந்தக் கூடுதல் விலை தகுமா?

ரதல்லைக்காரன்:

எவோ 10 என்பது மிட்சுபிஷி லான்சரைப் பந்தயத்துக்கு ஏற்ப வலுவாக்கிய கார். எஞ்சினுக்குக் காற்றை அமுக்கிக் கொடுக்கும் டர்போவும், நான்கு சில்லு இழுவையும் அதில் உண்டு. என்னிடம் இருப்பது சாதாரண வகையான லான்சர் இ.எக்ஸ். பார்வைக்கு இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

போன மழைக்காலத்தில் பெரியம்மா மகன் தன்னுடைய எவோவில் என்னை நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு அழைத்துப் போனார். இறம்பொடை இறக்கம், மழையோடு பனி. ஒரு வளைவில் திரும்பியதும் எங்கள் பாதையை முழுதாக அடைத்துக்கொண்டு ஒரு தனியார் பஸ் ஏறி வந்தது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். ஆசனப்பட்டி என் தோளை வெட்டியது. கார் இடமும் இழுக்கவில்லை, வலமும் இழுக்கவில்லை, வாலை ஆட்டவில்லை. அப்படியே நின்றது. பஸ் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிள்ளையார் படமும், அதில் மழை ஈரத்தில் வழிந்திருந்த குங்குமமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. அவ்வளவு பக்கம். பஸ் சாரதி கையை உயர்த்திவிட்டுப் பின்னால் எடுத்தார். அண்ணன் வாய் திறக்காமல் புசல்லாவை வரை ஓட்டினார்.

2025 மே மாதம் கரண்டியெல்லவில் பஸ் கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்ததும் இதே வீதியில்தான். அதனால்தான் மனம் ஆறவில்லை. அந்த இடத்தில் என் இ.எக்ஸ் நின்றிருக்குமா? பூச்சியத்திலிருந்து நூறு கிலோமீற்றரை எத்தனை விநாடியில் தொடுகிறது என்பது எனக்கு வேண்டாம், எங்கள் வீதியில் நூறுக்கு இடமே இல்லை. வீட்டுக் கூரைக்குச் சேர்த்த காசு கையில் இருக்கிறது. அந்த ஒரு நிறுத்தத்துக்காக அதைப் போடலாமா? ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

பனிமூட்டம்:

தம்பி, நான் எவோவுக்குப் போட்டியான சுபாரு எஸ்.டி.ஐ காரை வைத்திருந்து விற்றவன். ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்கும் வழியில் இரவு நேரம், மழைத் தண்ணீர் நிரம்பிய பள்ளம் ஒன்று. ஒரே சத்தம். டயரின் பக்கச் சுவரில் மூன்று விரல் நுழையும் அளவுக்கு வெட்டு, ரிம்மும் வளைந்துவிட்டது. லீக்ஸ் ஏற்றி வந்த லொறிக்காரர் நிறுத்தி விளக்குப் பிடித்தார். அவர் ரிம்மைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த டயரில் ரப்பரே இல்லையே சேர், எல்லாம் இரும்பாக இருக்கிறதே" என்றார். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் கேட்கிறது. பக்கச் சுவர் குட்டையான 245/40 அளவு டயர், 18 அங்குல ரிம். அந்த அளவு நுவரெலியாவில் நான் ஏறி இறங்கிய எந்தக் கடையிலும் இல்லை, கொழும்பிலிருந்து வரவழைத்தேன். அதோடு முடியவில்லை. நான்கு சில்லும் இழுக்கும் வண்டி என்பதால் ஒரு டயர் புதிதாகவும் மற்றவை தேய்ந்தும் இருந்தால் முன், பின் சில்லுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் நடு டிஃபரென்ஷியல் கெட்டுப்போகும். ஒரு பள்ளத்துக்கு நான்கு டயர் வாங்கினேன். நீங்கள் பார்க்கிற எவோ 10க்கும் அதே அளவு டயர்தான். கூரையைப் போடுங்கள்.

கம்பளை கராஜ்:

பனிமூட்டம் அண்ணா, பள்ளத்துக்கு எஸ்.டி.ஐ என்ன செய்யும்? தடித்த டயர் போட்ட சாதாரண கார்களும் அதே வெட்டோடு என் கராஜுக்கு வருகின்றன. தம்பி கேட்டது நிறுத்தத்தைப் பற்றி, நீங்கள் டயர்ச் செலவைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள்.

நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு சுற்றுலா வேன் நுவரெலியாவிலிருந்து இறங்கி எங்கள் வாசலில் வந்து நின்றது. முன் சில்லுகளில் புகை. சாரதி நடுங்கியபடி, பெடல் தரைவரை போகிறது என்றார். உள்ளே பிள்ளைகள் ஒன்றும் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழி வந்திருந்தது, அதனால்தான் பெடலில் பிடி இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

தம்பி, இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எவோ 10இன் முன் பிரேக் தட்டு 350 மில்லிமீற்றர், அதைப் பிடிப்பது பிரெம்போ நிறுவனத்தின் நான்கு பிஸ்டன் பிரேக். அது நின்றதில் அதிசயம் இல்லை. ஆனால் அதே பிரெம்போவில் பழைய எண்ணெய் இருந்தால் அதுவும் கைவிடும். டொட் 4 என்ற வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கலாம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது தானாகவே உறிஞ்சும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எந்தக் கார் என்றாலும். இறக்கத்தில் பெடலிலேயே காலை வைத்திருக்காதீர்கள், கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்க விடுங்கள்.

எவோவே வேண்டும் என்றால் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். புகை நீலமாக வந்தால் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் சிலிண்டர்களின் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். யாராவது எஞ்சினின் கணினியில் கைவைத்து டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள், பதிலைச் சொல்கிற முகத்தையும் பாருங்கள். சேசிஸ் இலக்கத்தை வைத்து ஜப்பானில் ஏலம் விட்டபோது காரின் நிலையைக் குறித்த ஏலத் தாளைத் தேடுங்கள். 92 பெற்றோல் அதற்குச் சரிவராது, 95 எல்லாப் பெற்றோல் செட்டிலும் இருப்பதில்லை. லீசிங் எடுக்கும் முன் காப்புறுதிக் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

ஹப்புத்தளை டீச்சர்:

கராஜ் தம்பி நல்ல விஷயம் சொன்னார், ஆனால் எல்லோரும் இறக்கத்தையே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது ஏற்றம்.

மாமனாருக்கு மூச்சுத்திணறல். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வைத்தியசாலைக்கு எங்கள் பழைய 1500 சிசி காரில் போகிறோம், டர்போ இல்லாதது. முன்னால் கொழுந்து லொறி, சாக்குகள் மேலே வரை. வீதி நேராகிய இடத்தில் முந்துவதற்கு மிதித்தேன். எஞ்சின் கத்தியது, கார் நகரவில்லை. எதிரே வெளிச்சம் தெரிந்ததும் மறுபடி லொறிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பின் ஆசனத்தில் மாமனார் என் கணவரின் சட்டையைப் பிடித்திருந்த விதம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 80 சதவீதம்தான் அங்கே இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. டர்போ காற்றை அமுக்கிக் கொடுப்பதால் இழப்பு மிகவும் குறைவு. டர்போ உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் இடையே கொழும்பில் தெரியாத வித்தியாசம் நம் ஊரில் கண்கூடாகத் தெரிவதற்கு இதுவே காரணம். பிறகு கொழுந்தனாரின் ஹொண்டா சிவிக்கை ஓட்டினேன். ஒரு லீற்றர் டர்போ, 988 சிசி. அதே ஏற்றத்தில் லொறியைத் தாண்டும்போது எதிர்ப்பாதையில் நான் இருந்த நேரம் பாதியாகக் குறைந்தது போல உணர்ந்தேன். வரியும் சிசியைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. குடும்பக்காரருக்கு எவோ வரைக்கும் போகத் தேவையில்லை என்பது என் முடிவான எண்ணம்.

மகாகஸ்தோட்டை:

டீச்சர், சிவிக்கையும் எவோவையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். 1934 முதல் மோட்டார் பந்தயம் ஏறிய நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலைக்குக் கீழே பிறந்தவன் நான். ஏப்ரல் சீசனில் அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு இடையில் நிற்பார். ஓர் எவோ வளைவிலிருந்து வெளியே வந்தபோது சரளைக்கல் தெறித்து அப்பாவின் காலில் பட்டது. அவர் வலியைக் காட்டாமல், "பார்த்தாயா, நான்கு சில்லும் மண்ணைப் பிடிக்கிறது" என்று என்னிடம் கத்தினார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவர், கார் ஒன்றையும் சொந்தமாக வைத்திருந்ததில்லை.

இன்னொன்றையும் யாரும் சொல்லவில்லை. எவோ 10 உற்பத்தி 2016இல் நின்றது, எஸ்.டி.ஐ 2021இல். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்தார்கள், ஆனால் பயன்படுத்திய கார்களுக்கு வயது வரம்பு இருக்கிறது. ஆகவே இங்கே இருக்கும் எவோக்கள்தான் எவோக்கள். நல்லபடி பார்த்துக்கொண்டால் போட்ட காசு பெரும்பாலும் கையிலேயே இருக்கும். சிவிக்குக்கு அது நடக்காது. ரதல்லை, வாங்குங்கள்.

பனிமூட்டம்:

காசு கையில் இருக்கும் என்பது விற்கும் நாளில்தான் தெரியும். என் எஸ்.டி.ஐயைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஓட்டிப் பார்க்கத்தான் வந்தார்கள். வாங்க வந்தவர் கிடைப்பதற்குள் இன்னொரு வருட அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டேன்.

ரதல்லைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கராஜ் அண்ணா சொன்ன பிறகு இ.எக்ஸின் சேவைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். முன்பு காரைக் கவனித்த இடத்தில் பிரேக் எண்ணெய் மாற்றியதாக ஒரு வரியும் இல்லை. வரும் வாரம் கம்பளைக்கு வருகிறேன் அண்ணா. பிரேக் எண்ணெய், முன் பிரேக் பேட், நான்கு நல்ல டயர், மூன்றையும் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு மழை நாளாகப் பார்த்து, பெரியம்மா மகனையும் பக்கத்தில் உட்காரவைத்து, வாகனம் இல்லாத நேரத்தில் அந்த இறக்கத்தில் மிதித்துப் பார்ப்பேன். மனம் நிறைந்தால் கூரை. நிறையவில்லை என்றால் எவோவைப் பார்க்கக் காலையில் போவேன்.

கம்பளை கராஜ்:

செவ்வாய் வாருங்கள். டயரை மட்டும் நீங்களாக வாங்கிவிடாதீர்கள், உற்பத்தித் திகதியைப் பார்த்து நான் எடுத்துத் தருகிறேன்.