கட்ஆஃப் 168, கையில் துட்டு இல்லை: கவுன்சலிங், சான்றிதழ், கல்விக் கடன், எதை முதலில் செய்யணும்?

முக்கூடல்_மாணவி கேட்டது:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். பிளஸ் டூவில் கணிதம் 84, இயற்பியல் 82, வேதியியல் 86. இன்ஜினியரிங் கட்ஆஃப் 168 வருது. எம்.பி.சி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ்வழி. அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா பீடி சுத்துதாங்க. அண்ணன் பாலிடெக்னிக் டிப்ளமோ முடிச்சிருக்கான். வீட்டில் வேற யாரும் காலேஜ் போகலை.

ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, "கவுன்சலிங்கை நம்பாதீங்க, மேனேஜ்மென்ட்ல சீட் போட்டு ஸ்காலர்ஷிப், லோன் எல்லாம் நானே முடிச்சித் தாரேன்"னு சொல்லுதார். 20,000 முன்பணமும் ஒரிஜினல் டி.சி.யும் கேக்கார். 7.5 சதவீத இடஒதுக்கீடு எனக்கு உண்டா? லோனுக்கு எப்ப போகணும்? இல்ல, பேசாம பாளையங்கோட்டையில பி.எஸ்சி. சேர்ந்தா செலவு குறையுமா?

கல்லிடை_வாத்தியார்:

முதலில் ஏஜென்ட் விஷயம். ஒரு பைசாவும் ஒரு ஒரிஜினலும் கொடுக்க வேண்டாம். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவர்களுக்குத்தான் உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த அன்றே அது போய்விடும். கல்விக் கடனிலும் நிர்வாக ஒதுக்கீடு என்றால் வங்கிகள் தயங்கும். கொடுத்தாலும் அரசு அங்கீகரித்த கட்டண அளவுக்குத்தான் கொடுக்கும். ஆக "எல்லாம் நானே முடிச்சித் தாரேன்" என்பவர் முடித்துத் தரப்போவது அவருடைய கமிஷனை மட்டும்தான். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரியே பிடித்து வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது. ஏஜென்டுக்கு என்ன வேலை அதில்?

7.5 சதவீதம் உனக்குக் கிடையாதம்மா. அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவிபெறும் பள்ளி அதில் சேராது. விண்ணப்பத்தில் தெரியாமல் "ஆம்" என்று போட்டுவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும், கவனம். ஆனால் புதுமைப்பெண் திட்டம் உனக்கு உண்டு. 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவியருக்காகத் தொடங்கியது, 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் நடந்த விழாவில் உதவிபெறும் பள்ளி தமிழ்வழி மாணவியருக்கும் நீட்டிக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய், இளநிலைப் படிப்பு முடியும் வரை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தடைபடாது.

அண்ணன் டிப்ளமோ முடித்திருப்பது முதல் பட்டதாரி சான்றுக்கு இடைஞ்சல் இல்லை. டிப்ளமோ பட்டம் அல்ல. அவன் பி.இ. லேட்டரல் என்ட்ரியில் (நேரடி இரண்டாம் ஆண்டு) சேர்ந்து இந்தச் சலுகையை எடுத்திருந்தால்தான் சிக்கல். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அது.

கட்ஆஃப் கணக்கு சரி: 84, அதோடு 82-ல் பாதி 41, 86-ல் பாதி 43. கடந்த ஆண்டுகளின் போக்கைப் பார்த்தால் 168 இரண்டாம் சுற்றில் வரும். சாய்ஸ் (கல்லூரி விருப்பப் பட்டியல்) பதியும்போது பலர் செய்யும் தவறு, "இது நமக்குக் கிடைக்காது" என்று நினைத்து நல்ல கல்லூரியை விட்டுவிடுவது. கிடைக்காத கல்லூரியை மேலே போடுவதால் எந்த நஷ்டமும் இல்லை, கணினி அடுத்ததற்கு இறங்கிவிடும். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி, இங்கேயே இருக்கும் அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகம் இரண்டிலும் உனக்குச் சம்மதமான எல்லாப் பிரிவுகளையும் முதலில் போடு. பிறகு தனியார். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நம் பக்கம் உண்டு, ஆகவே பெயரைப் பார்க்காமல் கல்லூரி எண்ணைப் பார்த்துப் பதி. சேர விருப்பமே இல்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காகப் போடாதே. அதுதான் வந்து நிற்கும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும். ஏற்றுச் சேர்கிறேன் என்றால் நேரே கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டணும். ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன் என்றால் கலந்தாய்வு உதவி மையத்தில் கட்டணும். மேலே உள்ள விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும், திரும்பி வராது. எதையும் அழுத்தாமல் விட்டால் இடமும் போகும், அடுத்த சுற்றும் போகும்.

அம்பைரோடு_இசேவை:

வாத்தியார் சொன்னதுக்கு முன்னாடி நாலு சான்றிதழ் கையில இருக்கணும். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. நாலுக்கும் முதல்ல ஒரு கேன் நம்பர் (இ-சேவையில ஆளுக்கு ஒண்ணு தர்ற பதிவு எண்) எடுக்கணும், ஆதாரும் போனும் இருந்தா போதும். ஒரு சான்றுக்கு 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ்னு மேல போகும். ரிசல்ட் வந்த வாரம் எல்லாரும் ஒண்ணா வந்து விழுவாங்க, அதனால இன்னைக்கே போடுங்க.

திருப்பி அனுப்புறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுகதான்: ரேஷன் கார்டில ஒரு முகவரி, ஆதாரில இன்னொண்ணு. மார்க்சீட்ல இனிஷியல் முன்னாடி, ஆதாரில பின்னாடி, அப்பா பேரில ஒரு எழுத்து வித்தியாசம். ஆதாரத் திருத்திட்டு அப்புறம் சான்றிதழுக்குப் போங்க. சான்றிதழ் எடுத்துட்டு ஆதாரத் திருத்தினா ரெட்டை வேலை. முதல் பட்டதாரிக்கு தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் எல்லார் படிப்பும் கேக்கும். அண்ணனோட டிப்ளமோ சான்றையும் டி.சி.யையும் ஸ்கேன் பண்ணி வச்சிக்கிடுங்க. சான்று மட்டும் போதாது, கவுன்சலிங்குக்கு மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போட்ட கூட்டு உறுதிமொழியும் ஏத்தணும்.

ஆலங்குளம், கடையம் பக்கம் இருக்கவங்க ஒண்ணு பாத்துக்கிடுங்க: 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டமாயிட்டு. பழைய சாதிச் சான்றில திருநெல்வேலி மாவட்டம்னு இருந்தா பயப்பட வேண்டாம், அது செல்லும். புதுசா எடுக்கிற வருமானச் சான்றில மறக்காம தென்காசி மாவட்டம்னே தேர்வு பண்ணுங்க.

வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான். படிப்பு நாலு வருஷம். வருஷா வருஷம் புதுசு எடுக்கணும்.

பேங்க்கு_வழி:

லோனைப் பத்தி யாரும் தொடலை, நான் சொல்லுதேன்.

அலாட்மென்ட் ஆர்டர் வந்ததும் காலேஜ்ல போனஃபைடும் (இங்க படிக்கிறாங்கன்னு தர்ற சான்று), நாலு வருஷத்துக்கும் சேத்த கட்டண விவரமும் லெட்டர்ஹெட்ல வாங்கு. கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி போர்ட்டல்ல விண்ணப்பம் போட்டுட்டு பிரிண்ட் எடுத்துக்கிட்டு கிளைக்குப் போ. வாய்ல கேட்டா வாய்ல "இல்ல"ன்னு அனுப்பிருவாங்க. போர்ட்டல்ல போட்டா பதில எழுத்தில சொல்லியாகணும். "உங்க ஊரு எங்க ஏரியா இல்ல"ன்னு கல்விக் கடன நிராகரிக்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லியாச்சு. பான் கார்டு உனக்கும் வேணும், இப்பவே எடு. பதினெட்டு முடியலன்னா இப்ப பெற்றோர் கையெழுத்து, முடிஞ்சதும் நீ போய் உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போடணும்.

4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானமும் வேண்டாம், மூணாவது ஆள் ஜாமீனும் வேண்டாம், சொந்தப் பங்குத் தொகையும் வேண்டாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளி. இங்கதான் நம்ம ஊர்ல நிறைய அடிபடும்: மகளிர் குழுக் கடன், வண்டிக் கடன் எதுலயாவது தவணை விட்டிருந்தா சிபில்ல (கடன ஒழுங்காக் கட்டினாங்களான்னு காட்டுற பதிவு) தெரிஞ்சிரும். அப்பா அம்மா ரெண்டு பேர்ல யார் கணக்கு சுத்தமா இருக்கோ அவங்களக் கூட்டுக் கடனாளியாப் போடுங்க.

வட்டிக் கணக்கு யாரும் சொல்லித் தர மாட்டாங்க. வருஷத்துக்கு 1 லட்சம், நாலு வருஷம், 10 சதவீதம்னு வச்சிக்கோ. படிக்கிற நாலு வருஷமும் அதுக்கு மேல ஒரு வருஷமும் தவணை கிடையாது, ஆனா தனிவட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு 50,000, ரெண்டாவதுக்கு 40,000, மூணாவதுக்கு 30,000, நாலாவதுக்கு 20,000. மொத்தம் 1,40,000. தவணை தொடங்கும்போது கடன் 4 லட்சம் இல்ல, 5,40,000. பத்து வருஷத்துல கட்டினா மாசம் ஏறக்குறைய 7,140. அந்த வட்டி ஏறாம இருந்தா மாசம் 5,290-தான்.

ஏறாம இருக்க வழி இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, தொழில்நுட்பப் படிப்பா இருந்து, காலேஜுக்கு நாக் அங்கீகாரமோ சேர்ற பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. அங்கீகாரமோ இருந்தா, அந்தத் தவணையில்லாக் காலத்து வட்டிய முழுசா மத்திய அரசு கட்டும். இது தானா வராது. உங்க கிளைதான் கேட்டு வாங்கணும், அதுக்கு வருமானச் சான்று குடுத்து கையெழுத்து வாங்கிக்கிடு. வருஷம் ஒரு தரம் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாரு. வட்டி வரவு வரலன்னா அப்பவே போய்க் கேளு. நடுவுல படிப்ப விட்டா இந்த மானியம் கிடையாது.

இன்னொண்ணு. அலாட்மென்டுக்கும் லோன் கைக்கு வர்றதுக்கும் நடுவுல சில வாரம் ஆகும், காலேஜோ நாள் குறிச்சிக் கட்டச் சொல்லும். முதல் கட்டணத் தவணைக்கு மட்டும் கையில துட்டு தேத்தி வைக்கணும். ரசீதக் காட்டினா அந்தத் தொகையத் திருப்பித் தருவீங்களான்னு மேனேஜர்ட்ட கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கிடு. காலேஜ் பஸ் கட்டணத்த சில கிளைகள் சேக்காது. அதக் கணக்குல தனியா வையி.

முக்கூடல்_மாணவி:

ரொம்ப நன்றி. அப்ப பி.எஸ்சி.? அம்மா பீடி சுத்துறதுக்கு ஏதோ ஸ்காலர்ஷிப் உண்டுன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாங்க, உண்மையா?

பாளை_அக்கா:

ரெண்டுக்கும் பதில் சொல்லுதேன் தங்கச்சி.

பி.எஸ்சி. செலவு கொறைவுதான், ஆனா ஒரு இடத்துல ஏமாறாத. பாளையங்கோட்டையில உதவிபெறும் காலேஜ்கள்ல ஒரே கட்டடத்துக்குள்ள ரெண்டு பிரிவு இருக்கும்: உதவிபெறும் பிரிவு ஒண்ணு, சுயநிதிப் பிரிவு ஒண்ணு. படிப்பு பேரு ஒண்ணுபோல இருக்கும், கட்டணம் பல மடங்கு வித்தியாசம். பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு மூணு வருஷப் பட்டப்படிப்புல இலவசக் கல்வித் திட்டம்னு ஒண்ணு உண்டு, வருமான வரம்பே கிடையாது. அது அரசுக் காலேஜுக்கும் உதவிபெறும் பிரிவுக்கும்தான். விண்ணப்பத்துல எந்தப் பிரிவுன்னு எழுதியிருக்கான்னு வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. ராணி அண்ணா மாதிரி அரசுக் காலேஜுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம். சேவியர்ஸ், ம.தி.தா. இந்து, சதக்கத்துல்லா, சாராள் தக்கர் எல்லாம் தனித்தனியா அந்தந்தக் காலேஜ்ல போடணும். இன்ஜினியரிங் அலாட்மென்ட் வர்ற வரைக்கும் இதுல ஒண்ண கையில வச்சிக்கிடறது தப்பே இல்ல. பொறவு விலகுனா கட்டணத் திருப்பத்துக்கு யு.ஜி.சி. விதி இருக்கு, ஆனா கடைசித் தேதிக்குள்ள எழுதிக் குடுத்து நகல்ல முத்திரை வாங்கணும்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகை உண்மைதான், மத்திய தொழிலாளர் அமைச்சகம் தருது. பி.எஸ்சி. மாதிரிப் பட்டப்படிப்புக்கு வருஷம் 6,000, பி.இ. மாதிரித் தொழிற்படிப்புக்கு 25,000. தேசிய உதவித்தொகை போர்ட்டல்ல போடணும். அம்மா ஆறு மாசமாவது அந்தத் தொழில்ல இருந்திருக்கணும், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வேணும். முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம் பக்கம் நிறையப் பேர் சித்தி பேர்லயோ மாமியார் பேர்லயோ இருக்கிற பீடிக்கடை பாஸ்புக்குல சுத்திக் குடுப்பாங்க. அப்படின்னா அம்மா பேருக்கு அட்டை இருக்காது, விண்ணப்பம் அங்கேயே நிக்கும். அம்மா பேர்ல கார்டு இருக்கான்னு இன்னைக்கே பாரு. இல்லன்னா பீடிக்கடையில கேட்டு அம்மா பேர்லயே பாஸ்புக்கு போடச் சொல்லு. இந்த வருஷம் முடியலன்னாலும் அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

அந்தப் போர்ட்டல்ல முதல்ல முகத்தக் காட்டி ஒருமுறைப் பதிவு பண்ணணும், போன்லயே முடியும். மத்திய அரசுத் திட்டங்கள்ல ஒரு பிள்ளைக்கு ஒண்ணுதான். பி.இ. சேர்ந்தா பொம்பளப் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. பிரகதிங்கிற உதவித்தொகை 50,000 தருது, ஆனா அது மதிப்பெண் வரிசைப்படி, எண்ணிக்கை கொறைவு. 168-க்கு நானா இருந்தா பீடி உதவித்தொகையத்தான் போடுவேன்.

எல்லாத் துட்டும் ஆதார் சேத்த அக்கவுன்டுக்குத்தான் வரும். பேங்க்ல ஆதார் நகல் குடுத்தது மட்டும் போதாது, என்.பி.சி.ஐ. மேப்பிங் (அரசுத் துட்டு வர ஆதாரையும் அக்கவுன்டையும் சேக்கிறது) ஆகியிருக்கணும்; ஆதார் இணையதளத்துல எந்த பேங்க்னு காட்டும். நீ கடைசியா எந்த பேங்க்ல சேத்தியோ அங்கதான் போகும். போஸ்ட் ஆபீஸ் பேமென்ட் பேங்க் கணக்கு போஸ்ட்மேனே வந்து திறந்து குடுப்பாரு, சீக்கிரம் ஆகும்.

முக்கூடல்_மாணவி:

அம்மா பேர்ல கார்டு இருக்கு அக்கா. புதுமைப்பெண்ணுக்கு எங்க போய்ப் பதியணும்?

கல்லிடை_வாத்தியார்:

சேர்ந்த கல்லூரியிலேயே. அதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார், யு.எம்.ஐ.எஸ். எண்ணோடு (கல்லூரி மாணவர் பதிவு எண்) பதிவார். எம்.பி.சி. உதவித்தொகையும் அங்கேதான், குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நீ பள்ளியை விட்டுக் கிளம்புமுன் தலைமையாசிரியரிடம் எமிஸ் பதிவை (பள்ளி மாணவர் தகவல் பதிவு) திறந்து காட்டச் சொல். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லா ஆண்டும் இருக்கிறதா, பயிற்றுமொழி தமிழ் என்றே இருக்கிறதா என்று பார். ஓர் ஆண்டு ஆங்கிலவழி என்று தவறாகப் பதிவாகியிருந்தாலும் கல்லூரியால் திருத்த முடியாது, பள்ளிதான் திருத்த வேண்டும். டி.சி. வாங்கப் போகிற அன்றே இதையும் முடித்துவிடு.