லெஃபோர்ட் 2 + கீழ்த்தாடை முறிவு: மயக்கக் குழாயை எந்த வழியில் போடுவது?

கேள்வி (முகத்தாடை அறுவை, முதுநிலை மாணவர்)
பைக் விபத்து. லெஃபோர்ட் 2 (மேல்தாடையும் மூக்கும் சேர்ந்து முகத்தின் நடுப்பகுதி உடைவது), கீழ்த்தாடையில் இரண்டு இடத்தில் முறிவு, மூக்கில் மூளைத் தண்ணீர்க் கசிவு. வாய் வழி மூச்சு ட்யூப் போட்டால் பல் கடியைச் சேர்த்துக் கட்ட முடியாது. மூக்கு வழி வேண்டாம் என்கிறது அனஸ்தீசியா. கழுத்தில் துளையிட்டு ட்யூப் போடும் ட்ரக்கியாஸ்டமிதானா? வலது கண் வீங்கி மூடியிருக்கிறது.

பதில் 1 (மயக்க மருத்துவர்)
மண்டையோட்டு அடித்தளம் உடைந்திருக்கும் சந்தேகம் இருக்கும்வரை மூக்கு வழி வேண்டாம். வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் ட்யூபும் வாய் வழியாகத்தான். தலைக்காயத்துக்காகப் பல நாள் வென்டிலேட்டர் தேவைப்படும் என்றால் ட்ரக்கியாஸ்டமி. இல்லையென்றால் முகவாய்க்கு அடியில் வெளியே எடுக்கும் சப்மென்டல் முறை போதும்.

கம்பிச்சுருள் பதித்த, வளைத்தாலும் நசுங்காத ஃப்ளெக்ஸோமெட்டாலிக் ட்யூபை வாய் வழி போட்டு, 100% ஆக்சிஜன் கொடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் 1.5–2 செ.மீ. கீறல். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (இடுக்கி) தாடையின் உட்பக்க எலும்பை ஒட்டியே வாயின் அடித்தளத்துக்குள் வரட்டும். விலகினால் நாக்கு நரம்பும் உமிழ்நீர்க் குழாயும் அடிபடும். முதலில் பைலட் பலூனை (ட்யூபின் காற்றுப் பையை ஊதும் சிறு பலூன்) வெளியே இழுங்கள், பிறகு கனெக்டரை (மயக்க இயந்திரத்தோடு இணைக்கும் முனை) கழற்றி ட்யூபை. வெளியே வந்ததும் இரண்டு நுரையீரலிலும் காற்று கேட்கிறதா என்று பார்த்து, பட்டு நூலால் தோலோடு தைத்துவிடுங்கள். ட்யூப் உள்ளே நகர்ந்து வலது மூச்சுக்குழலுக்குள் போய்விடுவதுதான் அடிக்கடி நடப்பது.

கேள்வி கேட்டவர்
கனெக்டர் ட்யூபோடு ஒட்டியே வந்தால்?

பதில் 1
அந்த ட்யூபே வேண்டாம். மயக்கம் கொடுக்கும் முன்பே மேசையில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பதில் 2 (கண் மருத்துவர்)
ட்யூப் விவாதத்துக்கு முன் அந்த இமையைத் திறந்து பாருங்கள், இப்போதே. வீக்கம் என்று விட்டுவிடக் கூடாது. கண் முன்னே பிதுங்கி, தொட்டால் கல்லாக இறுகி, பார்வை குறைந்து, கண்ணின் பாப்பா வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்கவில்லை என்றால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறது. சி.டி.க்கு அனுப்பாமல் படுக்கையிலேயே கண்ணின் வெளி ஓரத்தைக் கீறி, கீழ் இமையைப் பிடித்திருக்கும் தசைநாரை வெட்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரம் கடந்தால் பார்வை திரும்புவது அரிது. எலும்புகளைப் பொருத்தி முடித்ததும் மேசையிலேயே கண் தடையில்லாமல் அசைகிறதா என்று இழுத்துப் பார்க்கக் கூப்பிடுங்கள்.

பதில் 3 (வார்டு செவிலியர்)
தாடையைக் கம்பியால் கட்டி அனுப்பினால், எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் படம் வரைந்து அனுப்புங்கள். வயர் கட்டரும் சக்ஷனும் தலைமாட்டிலேயே இருக்கும். ஆனால் வாந்தி வரும்போது எதை வெட்டுவது என்று இரவுப் பணியில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும். கசிவு இருப்பதால் மூக்கைச் சிந்தக் கூடாது, ஸ்ட்ராவால் உறிஞ்சவும் கூடாது என்று வீட்டாரிடமும் சொல்லிவிடுங்கள்.