கலைக் குடும்பத்துல பிறந்து இலக்கியம் படிச்சவங்களைப் பாத்திருக்கீங்களா? அனுபவம் சொல்லுங்க

அல்சூர்வாசி:
பேர் வேணாம், பெங்களூர்ல கச்சேரிக்குப் போற பாதிப்பேருக்கு யாருன்னு தெரியும். பாட்டி பெரிய பாடகி, மேடம் இலக்கிய ஆராய்ச்சி, ரிட்டயர்டு புரொபசர். இங்க அல்சூர் பக்கம் ஒரு ஹால்ல, 18ஆம் நூற்றாண்டுல தஞ்சாவூர்ல தெலுங்குல எழுதின பெண் கவிஞர் முத்துப்பழனியைப் பத்திப் பேச வந்தாங்க. அறிமுகம் பண்ணினவர் முழுக்க முழுக்க பாட்டி புராணம், மேடம் எழுதின ஒரு கட்டுரையோட பேர்கூட வாயில வரல. பேச்சு முடிஞ்சதும் "பாட்டி பாடின பாட்டுல ஒண்ணு பாடுங்க"ன்னார், கூட்டமும் கை தட்டுது. மேடம் பையிலேர்ந்து ஜெராக்ஸ் எடுத்தாங்க. முத்துப்பழனி எழுதின ராதிகா சாந்த்வனம் காவியத்தை 1910ல பாடகி பெங்களூர் நாகரத்னம்மா வெளியிட்டப்ப எழுதின முன்னுரை. அதைத் தெலுங்குல படிச்சு தமிழ்ல அர்த்தம் சொன்னாங்க. தெலுங்கு எழுத்தாளர், சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் அதை ஆபாசம்னு திட்டினதுக்கு, கூச்சநாச்சமெல்லாம் பொம்பளை எழுதினா மட்டும்தானா, ஆம்பளைக்குக் கிடையாதான்னு நாகரத்னம்மா கேக்குற இடம். 1911ல அந்தப் புஸ்தகத்துக்கு பிரிட்டிஷ்காரன் தடை போட்டான், சுதந்திரம் வந்த சமயத்துலதான் விலகிச்சு. "பாட்டுக்குப் பதிலா இதைத்தான் கொண்டுவந்தேன்"னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. பக்கத்து சீட்காரர் "தலைக்கனம்"னார். அந்த வார்த்தை இன்னும் உறுத்துது.

ஜெயநகர்_பொண்ணு:
நான் அவங்க ஸ்டூடண்ட்!! இங்கிலீஷ் டிராமா பேப்பர் நடத்துறப்ப திடீர்னு சிலப்பதிகாரத்துக்குள்ள போயிடுவாங்க. அரங்கேற்றுகாதை நடத்துன அன்னிக்கு, மாதவி அஞ்சு வயசுல ஆரம்பிச்சு ஏழு வருஷம் பழகி பன்னெண்டுல மேடை ஏறினான்னு சொல்லிக்கிட்டே டேபிள்ல விரலால தாளம் போட்டாங்க, அவங்களுக்கே தெரியாம. ஒரு பையன் "மேம் நீங்க ஆடுவீங்களா"ன்னு கேட்டான். கிளாஸ் கப்சிப். 1947ல மெட்ராஸ் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தப்புறம் வீட்டுப் பொண்ணுங்களுக்கு சலங்கை கட்டக்கூடாதுன்னு பாட்டி முடிவு பண்ணிட்டாங்களாம், எல்லாரையும் ஸ்கூலுக்கு அனுப்பினாங்களாம், அவ்ளோதான் சொன்னாங்க. அப்புறம் இளங்கோ வரிசையை போர்டுல எழுதினாங்க: ஆடலாசான், இசையாசிரியன், புலவன், அப்புறம் தண்ணுமை (மத்தளம் மாதிரி ஒரு தோல் வாத்தியம்), குழல், யாழ் வாசிக்கறவங்க. "மூணாவது ஆளைப் பாருங்க, அது நான்"ன்னாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு.

பசவனகுடி_ரசிகன்:
அல்சூர் சார், பாடச் சொன்னதை அவமானம்னு எடுத்துக்க வேணாம். அந்தப் பாட்டுங்க அவங்க வீட்டோட போயிடுமேங்கற பயத்துல கேட்டிருப்பாங்க. நானும் மேடத்தைப் பாடச் சொல்லிக் கேட்டிருக்கேன், கோட்டை ஹைஸ்கூல் ராமநவமிக் கச்சேரியில, நின்னபடியே ரெண்டு வரி மெதுவா பாடினாங்க. ஆனா ஒண்ணு சொல்லணும், இந்த மாதிரி வீடுங்கள்ல பாட்டு நோட்டு, ஓலைச்சுவடி, கச்சேரி நோட்டீஸ் எல்லாம் மூட்டையா பரண்ல கிடக்கும், தயவுசெஞ்சு லேமினேட் பண்ணாதீங்க, செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, பசை காஞ்சு மஞ்சளாகி எழுத்தையும் சேத்துத் தின்னுடும். ரப்பர் பேண்ட் வேண்டாம், பருத்தித் துணியில சுத்தி வைங்க. போன்ல போட்டோ எடுக்கறதா இருந்தா ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க, பிளாஷ் வேண்டாம், பக்க நம்பர் தெரியணும், வெறும் பக்கத்தையும் விடாதீங்க. ஓரத்துல பென்சில்ல கிறுக்கினது இருந்தா அதைத்தான் முதல்ல எடுக்கணும், எந்தப் பாட்டை யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு அங்கதான் இருக்கும். சென்னையில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு, அவங்ககிட்ட விசாரிக்கலாம். பெரியவங்க இருக்கறப்பவே பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதுங்க.

அல்சூர்வாசி:
ரசிகன் சார், ராமநவமியில நீங்க தனியா கேட்டீங்க, அவங்களுக்குப் பிடிச்சது, பாடினாங்க. அன்னிக்கு ஹால்ல நடந்தது வேற. ஒரு மணி நேரம் பேசினதைப் பத்தி ஒரு கேள்விகூட வரல சார், அதைத்தான் சொல்றேன்.

மல்லேஸ்வரம்_மருமக:
சண்டை வேணாமே. எங்க மாமியாரோட அம்மா வீட்லயும் சதிர் (தேவதாசிங்க ஆடின ஆட்டம்) உண்டு, ஆனா எங்க யாருமே வெளிய பேச மாட்டோம். மேடம் எழுதின ஒரு கட்டுரையைப் படிச்சுட்டு மாமியார் முதல் தடவையா எங்கிட்ட அவங்க அம்மா பேரைச் சொன்னாங்க, அதுவரைக்கும் எனக்குப் பேரே தெரியாது. ஜெயநகர் தங்கச்சி, அந்த அரங்கேற்றுகாதை கிளாஸ் நோட்ஸ் இன்னும் வச்சிருக்கியாம்மா? மாமியாருக்குப் படிச்சுக் காட்டணும்.