ஜேம்ஸ் வெப்பில் அவதானிப்பு நேரம் கேட்க ஆயத்தமான அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

வன்னியில் இருந்துகொண்டு ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பிக்க முடியுமா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். முடியும். விண்ணப்பிப்பவர் எந்த நாட்டவர், எந்த நிறுவனத்தவர் என்பதற்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனால் போட்டி கடுமையானது: 2024 ஒக்ரோபரில் முடிவடைந்த நான்காம் விண்ணப்பச் சுற்றுக்கு 2,300க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் சென்றன, கையிலிருந்த ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம் கேட்கப்பட்டது.

நாங்கள் எடுத்துக்கொண்ட விடயம், நம் பால்வீதிக்கு அருகிலுள்ள சிறிய விண்மீன் கூட்டமான பெரிய மகெல்லன் மேகத்தில், மேற்பரப்பில் காபன் மிகுந்த முதிர்ந்த விண்மீன்கள் (காபன் விண்மீன்கள்) வெளித்தள்ளும் தூசு. அந்த மேகம் ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. நம் சூழலைவிடப் பாரமான மூலகங்கள் அங்கே குறைவு. இரணைமடு அணைக்கட்டில் நின்று தை, மாசி முன்னிரவுகளில் தெற்கே பார்த்தால் அது தொடுவானிலிருந்து ஏறத்தாழ 11 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. சிறிது பனிப்புகார் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஜேம்ஸ் வெப்புக்கு அது மிக வாய்ப்பான இடம். அத்தொலைநோக்கி சூரியனிலிருந்து 85 பாகைக்கும் 135 பாகைக்கும் இடைப்பட்ட வானத்தை மட்டுமே நோக்கலாம் என்பதால் பல இலக்குகள் ஆண்டில் சில வாரங்களுக்கே அகப்படும். மகெல்லன் மேகமோ சூரியவீதியின் (வானில் சூரியன் செல்லும் பாதையின்) தென்முனைக்கு அருகில் இருப்பதால், அதன் ஒரு பகுதியை ஆண்டு முழுவதும் நோக்கலாம்.

ஆயத்தத்தின் பெரும்பகுதி எழுதுவதில் போகும் என்று நினைப்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் அது தேடுவதிலேயே போனது. தொலைநோக்கிகளின் தரவுகள் சேர்த்து வைக்கப்பட்டுள்ள மாஸ்ட் காப்பகத்தில், நாம் கேட்கப்போகும் விண்மீனை வேறு எவரும் ஏற்கெனவே அதே கருவியால் நோக்கியுள்ளனரா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நோக்கியிருந்தால், மீண்டும் நோக்குவதற்கான காரணத்தை விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும். 2020 ஜனவரியில் ஓய்வுபெற்ற ஸ்பிட்சர் தொலைநோக்கி இதே விண்மீன்கள் பலவற்றின் அகச்சிவப்பு நிறமாலைகளை எடுத்து வைத்துள்ளது. அவற்றை இறக்கிப் பார்த்தபோது எங்கள் கேள்விகளில் பாதிக்கு அங்கேயே விடை இருந்தது. எஞ்சிய பாதிதான் விண்ணப்பத்துக்குத் தகுதியானது. அந்தப் பிரிப்பைச் செய்யாமல் எழுத உட்காருவது வீண்வேலை என்பது என் முடிவு.

அடுத்தது வெளிச்சம். ஜேம்ஸ் வெப்பின் 6.5 மீற்றர் ஆடிக்கு மங்கலான பொருள் பிரச்சினை இல்லை, பிரகாசமான பொருள்தான் பிரச்சினை. எவ்வளவு நேரம் நோக்க வேண்டும் என்று கணிக்கும் இணையக் கருவியான வெளிப்பாட்டு நேரக் கணிப்பானில், விண்மீனின் பிரகாசத்தையும் தொலைநோக்கியின் நடு அகச்சிவப்புக் கருவியான மிரியின் நிறமாலைமானி அமைப்பையும் கொடுத்தால், எத்தனை வாசிப்புகளுக்குள் உணரி நிரம்பி வழியும் என்று அது கூறிவிடும். தூசு மிகுந்த விண்மீன்களே எங்களுக்கு முக்கியம், ஆனால் அவைதான் அகச்சிவப்பில் அதிகம் ஒளிர்பவை; ஒன்றை இட்டுக் கணித்தால் நிரம்பல் எச்சரிக்கை, வாசிப்புகளைக் குறைத்தால் அந்த அலைநீளத்தில் எச்சரிக்கை நீங்கி வேறொரு முனையில் சமிக்ஞை போதாமல் போகும். முழு 5 முதல் 28 மைக்ரோமீற்றர் வீச்சையும் பெற மூன்று அமைப்புகள் தேவை என்பதால் இந்தத் தள்ளுமுள்ளு மூன்று தடவை நடக்கும்.

நேரக் கணக்கு முதன்முறை பார்ப்பவரைத் திகைக்க வைக்கும். விண்மீன் ஒளி உண்மையில் உணரியில் விழும் நேரம் சில நிமிடங்களே ஆனாலும், தொலைநோக்கி இலக்கை நோக்கித் திரும்புவதற்கென 30 நிமிடம், கருவி ஆயத்தம், பொது அளவுதிருத்தத்துக்கான 16 வீதம் எல்லாம் நம் தலையில்தான் விழும். ஒவ்வொரு விண்மீனையும் தனித்தனியாகக் கேட்காமல் அருகருகே உள்ளவற்றைச் சேர்த்துக் கேட்பது நல்லது. நாங்கள் விண்ணப்பித்த சுற்றில் எங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. பட்டியலும் கணிப்பும் அடுத்த சுற்றுக்கு அப்படியே உள்ளன.

வவுனியாவிலிருந்து:

கிளிநொச்சி அண்ணா கூறிய கணக்கு வழக்குகளுக்கு நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதும் முறையைப் பற்றிக் கூறுகிறேன். மதிப்பிடுபவர் பெயரை நாமும் நம் பெயரை அவரும் அறியாத முறையை ஹபிள் 2018இல் தொடங்கியது. ஜேம்ஸ் வெப் முதற்சுற்றிலிருந்தே அதைப் பின்பற்றுகிறது. ஆகவே "எமது முன்னைய ஆய்வில் காட்டியவாறு" என்று எழுதக் கூடாது. நம் சொந்தக் கட்டுரையையும் பிறர் கட்டுரையைப் போலவே இலக்கமிட்டுச் சுட்ட வேண்டும். குழுவின் தகைமை தனியாக இணைக்கப்படும், தரவரிசை முடிந்த பின்னரே அது திறக்கப்படும். நம்மைப் போன்றவர்களுக்கு இது பெரிய வசதி. பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தின் முகவரி இல்லை என்ற குறை முதற்பக்கத்திலேயே நம்மைத் தள்ளிவிடாது. ஆனால் "வளம் குறைந்த இடத்திலிருந்து எழுதுகிறோம்" என்ற பரிவையும் கோர முடியாது. கேள்வி மட்டுமே நிற்க வேண்டும். குழுவில் ஒருவர் எழுதியதைத் துறை வேறான இன்னொருவர் வாசித்து, இவ்விண்மீன்கள்தான் ஏன், இத்தொலைநோக்கிதான் ஏன் என்று இரண்டாம் பத்திக்குள் சொல்ல முடிகிறதா என்று பார்த்தோம். முடியாதபோது பத்தியையே மாற்றினோம்.

மாங்குளத்திலிருந்து:

மாரி தொடங்கும் நேரத்தில் விண்ணப்பிப்பவர்களுக்காக ஒரு விடயம். அமெரிக்கக் கிழக்குப் பகுதி நேரம் இரவு எட்டு மணி என்ற இறுதி நேரம் ஒக்ரோபரில் நமக்கு மறுநாள் அதிகாலை 5.30. இடிமின்னலுக்கு மின்சாரமும் சமிக்ஞையும் போகும் காலம் அது. விண்ணப்பக் கருவி மென்பொருள் இலவசமானது, கணினியில் நிறுவி இணையம் இல்லாமலே பெரும்பகுதியை நிரப்பலாம். கணிப்பானுக்கும் காப்பகத்துக்கும் மட்டும் இணைப்பு வேண்டும். இறுதி நேரம் வரை எத்தனை தடவையும் மீளச் சமர்ப்பிக்கலாம், கடைசியாகச் சென்றதே கணக்கில் எடுக்கப்படும். ஆகவே அரைகுறையான வடிவத்தையாவது சில நாட்கள் முன்னதாக அனுப்பிவிட்டு, பிறகு திருத்துங்கள்.