ஆர்கன் இருக்கும்போது பாஸ் கலைஞர் எதற்கு?

பழைய ரெக்கார்டு: ட்ரம்பெட் கலைஞர் ஜிம் ரோட்டோண்டி 2009இல் பாடகர் ரே சார்ல்ஸுக்கு அஞ்சலியாக வெளியிட்ட 'ப்ளூஸ் ஃபார் பிரதர் ரே' ஆல்பத்தைப் பற்றி ஒருவர் "பாஸ் வாசிக்க ஆளே இல்லை, அடித்தளம் ஆட்டம் காண்கிறது" என்று எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அதில் மைக் லெடான் ஹாமண்ட் ஆர்கனிலேயே பாஸையும், அதாவது அடித்தளமான தாழ்ந்த சுரங்களையும், சேர்த்து வாசிக்கிறார். ஆர்கன் குழுவில் பாஸ் என்பது கால்வேலை, அடியிலுள்ள பெடல்களை மிதிப்பது. இதுகூடத் தெரியாமல் விமர்சனமா?

தாளக்காரன்: எழுதியது நான்தான். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் அதிர்வு அதில் இல்லை என்று இப்போதும் சொல்வேன். அப்புறம், கால்வேலை என்பது தவறு. ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் பெரும்பாலும் இடது கையில்தான் பாஸ் வாசித்தார். பெடலைத் தட்டியது அழுத்தம் கொடுக்க.

பழைய ரெக்கார்டு: ஹாமண்ட் பி-3 ஆர்கனில் 25 பெடல்கள் அழகுக்கா வைத்தார்கள்? ஸ்மித்தின் 'தி செர்மன்' கேளுங்கள். 1958இல் பதிவானது, 20 நிமிடம், பாஸ் கலைஞர் கிடையாது. அதில் வாசித்த லீ மார்கனுக்கு அப்போது 19 வயது. அந்தப் பையனின் ட்ரம்பெட்டை யார் தாங்கினார்கள்? ஸ்மித்தின் கால்!

தாளக்காரன்: இடது கை.

ஊதுகுழல்: ரோட்டோண்டியின் ட்ரம்பெட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே! அவர் ரே சார்ல்ஸ் குழுவிலேயே வாசித்தவர். ரே 1961இல் வெளிவந்த 'ஜீனியஸ் பிளஸ் சோல் ஈக்குவல்ஸ் ஜாஸ்' ஆல்பத்தில் ஹாமண்ட் வாசித்தார். அவருக்கான அஞ்சலி ஆர்கனோடு வந்ததுதான் முறை.

தாளக்காரன்: அந்த ஆல்பத்தில் பிக் பேண்டே, பெரிய ஜாஸ் குழுவே, இருந்தது, பாஸ் கலைஞரோடு. என் பக்கம்தான் பேசுகிறீர்கள்.

ஊதுகுழல்: உங்கள் பக்கம் நான் ஒருநாளும் பேசியதில்லை. ஆர்கன் கலைஞர் லாரி யங்கின் 'யூனிட்டி' ஆல்பத்தில் பாஸ் கலைஞர் இல்லாமல் வுடி ஷா ட்ரம்பெட் ஊதவில்லையா? அதில் மூன்று பாடல்கள் ஷா எழுதியவை.

பழைய ரெக்கார்டு: நடுவில் 'யூனிட்டி' எதற்கு? அதை சோல் க்ரூவ், சோல் இசையின் ஆடவைக்கும் தாள ஓட்டம், என்று யார் சொன்னது? போன மாதம் ஆர்கனுக்கான லெஸ்லி ஸ்பீக்கர் பற்றிய பேச்சிலும் நீங்கள் இப்படித்தான் திசைதிருப்பினீர்கள், நான் மறக்கவில்லை. தாளக்காரரே, ஆர்கன் குழுவின் உயிரே ஒரே ஆள் பாஸையும் மெட்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான். அங்கே இன்னொரு பாஸ் கலைஞரைக் கொண்டுவந்தால் அந்த க்ரூவ் கெட்டுவிடும். கால் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஆகவே...

தாளக்காரன்: இடது கை என்று எத்தனை முறை எழுதுவது?

பழைய ரெக்கார்டு: எத்தனை முறை எழுதினாலும் கால்தான்.