அப்பா போன பிறகு அம்மாவுக்கு சபையில் என்ன உதவி கேட்கலாம்?

கேள்வி:
நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. அடக்க ஆராதனை, வீட்டு ஜெபம், வந்தவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் சபையாரே பார்த்துக்கொண்டார்கள், அதை மறக்கவே மாட்டோம். இப்போது யாரும் வருவதில்லை. அம்மா ஞாயிறு ஆராதனைக்கும் வர மறுக்கிறார், பாடகர் குழுவில் அப்பா நிற்கும் இடத்தைப் பார்க்க முடியவில்லையாம். என்ன செய்யலாம்?

பதில் 1:
அக்கா, சபைப் போதகர் ஐயரிடம் நேராகவே கேளுங்கள். பலர் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் ஒதுங்குகிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கணவரை இழந்த ஒருவர் இருந்தால் அவரை வரச் சொல்லுங்கள், வந்து சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். "அழாதீங்க, கர்த்தருடைய சித்தம்" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். இறந்துபோன நண்பர் லாசருவுக்காக இயேசுவே கண்ணீர் விட்டார் (யோவான் 11:35).

பதில் 2:
அமெரிக்காவில் பல சபைகள் துக்கத்தில் இருப்பவர்களுக்காக கிரீஃப்ஷேர் என்று 13 வாரக் கூட்டம் நடத்துகின்றன. முதலில் ஒரு வீடியோ, அப்புறம் சிறு குழுவாகப் பேச்சு, வீட்டில் எழுத ஒரு பயிற்சிப் புத்தகம். கிறிஸ்துமஸ் சமயத்துக்கென்று தனிக் கூட்டமும் உண்டு, முதல் கிறிஸ்துமஸ்தான் ரொம்பக் கஷ்டம். உங்கள் சபையிலேயே நாலைந்து பேர் இப்படிக் கூடலாமே.

பதில் 3:
நாங்கள் கத்தோலிக்கர். முப்பதாம் நாள் பூசை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் என்று ஊரே சேர்ந்து நினைக்க நாட்கள் இருக்கின்றன. நடுவில் அன்பியத்தார் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு) வீட்டுக்கு வந்து ஜெபிப்பார்கள்.

பதில் 4:
அம்மா தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் ஜெபத்தோடு டாக்டரும் வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.