தம்பியிடம் ‘பாண்டு’ கேட்கிறார்கள்: இது எந்தப் பாண்டு?

மண்டபத்துக்காரி (கேள்வி)

எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் மூன்று பேர் மூன்று விதமான பாண்டைப் பற்றிப் பேசிவிட்டார்கள். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

தம்பி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. சேரும்போது பாண்டு எழுதித் தர வேண்டுமாம். மூன்று ஆண்டுகளுக்கு வேலையை விடக்கூடாது, விட்டால் ஒன்றரை லட்சம் கட்ட வேண்டும், அசல் சான்றிதழ்கள் அவர்களிடமே இருக்கும். போதாக்குறைக்கு அம்மாவின் கையெழுத்து வேறு.

மாமா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். தடைக்காலத்தில் கையில் காசில்லாமல் முன்பணம் கேட்டார். படகுக்காரர், “வேறு படகில் ஏற மாட்டேன் என்று பாண்டு எழுதிக் கொடு” என்கிறார்.

ராமநாதபுரத்தில் சித்தப்பா ஆசிரியர். தங்கப் பாண்டு வாங்கி வைத்திருக்கிறார். “பாண்டு என்றால் நல்லதுதானே, கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்” என்று போனில் சொல்கிறார்.

அம்மாவுக்குத் தெரிந்த பாண்டு ஒன்றுதான். தாத்தா வலை வாங்குவதற்காக ஒரு வியாபாரியிடம் பணம் வாங்கி, முத்திரைத் தாளில் கைநாட்டு வைத்தார். அதற்குப் பிறகு அவர் பிடித்த நண்டும் இறாலும் அந்த வியாபாரியின் தராசுக்கு மட்டும்தான். வெளியே என்ன விலை போனாலும் அவர் சொன்னதே விலை. இப்போதும் அந்தச் சொல் காதில் விழுந்தால் அம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

இவை எல்லாம் ஒன்றுதானா? தம்பி கையெழுத்துப் போடலாமா?

சென்னைவாசி

அக்கா, எல்லோரும் போடுகிறார்கள், நானும் போட்டேன். ஒருவரும் வழக்குப் போடுவதில்லை. கவலைப்படாதீர்கள்.

பத்திர எழுத்தர், ராமநாதபுரம்

மேலே ஒரு தம்பி தைரியம் சொல்லியிருக்கிறார். வழக்கு வந்தால் அவர் வந்து நிற்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், தாயி.

நான் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். “ஒரு பாண்டு கொடுங்கள்” என்று வருகிறவர்களில் பலருக்கு வேண்டியது வெறும் முத்திரைத் தாள். எழுதாத வரை அது காகிதம்தான். ஊர்த் தகராறில் மாட்டியவர் ஓராண்டுக்கு அமைதியாக இருப்பேன் என்று கோட்டாட்சியர் முன் எழுதிக் கொடுப்பதும் பாண்டுதான். தீர்வை கட்டாத சரக்கைச் சுங்கக் கிடங்கில் வைக்க எழுதித் தருவதும் பாண்டுதான். பெயரை விடுங்கள். யார் எழுதிக் கொடுக்கிறார், யார் வாங்கிக்கொள்கிறார் என்று பாருங்கள்.

சித்தப்பா வைத்திருப்பதில் எழுதிக் கொடுத்தது அரசாங்கம். 2015இல் தொடங்கிய திட்டம் அது. எட்டு ஆண்டு முடிந்ததும் தங்கத்தின் விலைக்கு ஈடாகப் பணமும், நடுவில் வட்டியும் தருவதாக அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. கை நீட்டி வாங்கப் போகிறவர் சித்தப்பா. தம்பி விஷயத்தில் எழுதிக் கொடுப்பவனே தம்பி. ஒரு வாத்தியார் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பலாமா?

மாமா விஷயம்தான் எனக்குக் கவலை. முன்பணம் வாங்குவது குற்றமில்லை. ஆனால் அதைக் காட்டி ‘வேறு எங்கும் வேலைக்குப் போகக் கூடாது’ என்று கட்டிப்போட்டால், 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் குறுக்கே வரும். செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மட்டுமான சட்டம் அது என்று பலர் நினைக்கிறார்கள். படித்துப் பாருங்கள். கடனுக்காக வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பது அதில் இருக்கிறது. தன் உழைப்பில் விளைந்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழப்பதும் இருக்கிறது. உங்கள் தாத்தாவின் நண்டுக் கூடையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும். கொத்தடிமைக் கடன் என்று முடிவானால் அந்தக் கடனே செல்லாது. அப்படி வேலை வாங்கியவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. ஒருவருடைய முன்பணம் இதில் வருமா என்பதைக் கோட்டாட்சியரோ ஆட்சியரோ விசாரித்துச் சொல்வார்கள், நானோ படகுக்காரரோ சொல்ல முடியாது. மாமாவுக்குப் பணம் தேவை என்றால் கடனாக வாங்கிக் கடனாகக் கட்டட்டும். ‘வேறு படகில் ஏற மாட்டேன்’ என்ற வரி மட்டும் அந்தத் தாளில் இருக்கக் கூடாது.

இனி தம்பி. வேலைப் பாண்டு செல்லவே செல்லாது என்று சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது தவறு. ஒரு பொதுத்துறை வங்கி, மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்காக, எழுதிய தொகையை அப்படியே கறந்துவிடலாம் என்றும் பொருளில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் உள்ள தொகை உச்சவரம்புதான். நீதிமன்றம் அதற்குள் நியாயமான இழப்பீட்டையே தரச் சொல்லும். தம்பிக்கு என்ன பயிற்சி, எத்தனை மாதம், யார் செலவு? இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பயிற்சியே கிடையாது என்றால் ஒன்றரை லட்சம் எதற்கு என்று தைரியமாகக் கேட்கலாம். நிரப்பாத காசோலையோ வெற்றுத் தாளில் கையெழுத்தோ கேட்டால் அந்த வேலையே வேண்டாம்.

தொண்டி ஆசிரியர்

ஆங்கிலப் பாடம் எடுப்பவன் என்பதால் ஒரு சின்னச் செய்தி. கட்டு, பிணைப்பு என்ற பொருளுள்ள ‘பாண்ட்’ வேறு. அடிமைத்தனத்தைக் குறிக்கும் ‘பாண்டேஜ்’ என்ற சொல்லின் முதற்பாதி வேறு. பின்னது பழைய ஸ்காண்டிநேவிய மொழியில் வீடு வாசல் உள்ள குடியானவனைக் குறித்த சொல். ‘ஹஸ்பண்ட்’ என்பதன் பின்பாதியும் அதுவே. இங்கிலாந்தில் குடியானவன் பண்ணையாளாகத் தாழ்ந்தபோது சொல்லும் சேர்ந்து தாழ்ந்தது. பிறகு கட்டு என்ற பொருளோடு கலந்துவிட்டது. உங்கள் அம்மா இரண்டையும் ஒன்றாகக் கேட்பதில் வியப்பில்லை, ஆங்கிலேயர்களே அப்படித்தான் கேட்டார்கள்.

கீழக்கரை, இப்போது தம்மாம்

சகோதரி, சான்றிதழ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அசலைக் காட்டிச் சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு, நகலை மட்டும் கொடுத்து வாருங்கள். இங்கே பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, ஊரில் தந்தை இறந்த செய்தி வந்தும் புறப்பட முடியாமல் நின்றவரைப் பார்த்திருக்கிறேன். பாஸ்போர்ட்டாவது இந்திய அரசின் சொத்து, தூதரகத்தில் போய்ச் சொல்லலாம். டிப்ளமோவுக்கு எந்தத் தூதரகம்?

மண்டபத்துக்காரி

எல்லோருக்கும் நன்றி. தம்பி அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டான். சான்றிதழ்களைச் சரிபார்த்த அன்றே திருப்பித் தருவார்களாம். நான்கு மாதப் பயிற்சி என்று எழுத்தில் தந்திருக்கிறார்கள். தொகையைக் குறைக்கவில்லை. அம்மாவின் கையெழுத்து ‘வெறும் சாட்சிக்குத்தான்’ என்கிறார்கள், ஆனால் படிவத்தில் ‘ஜாமீன்தார்’ என்று அச்சடித்திருக்கிறது. மாமா யாரையும் கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

பத்திர எழுத்தர், ராமநாதபுரம்

சாட்சி என்றால் ‘இவன் என் முன்னால் கையெழுத்துப் போட்டான்’ என்பதோடு முடிந்தது. ஜாமீன்தார் என்றால் தம்பியிடம் கேட்காமலே நேராக அம்மாவிடம் முழுத் தொகையையும் கேட்கலாம், அதே 1872ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாயால் சாட்சி என்பவர்கள் தாளிலும் சாட்சி என்றே போடட்டும். அந்தச் சொல்லை அடித்துத் திருத்தி, பக்கத்தில் இரு தரப்பும் சுருக்கொப்பம் இட வேண்டும். மறுத்தால் அம்மா கையெழுத்துப் போட வேண்டாம்.

மாமா எழுதிக் கொடுத்ததால் எல்லாம் போய்விடவில்லை. சட்டத்துக்கு எதிரான வரி, கையெழுத்துப் போட்டதால் செல்லுபடியாகிவிடாது. முதலில் அந்தத் தாளின் நகலை வாங்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் அசலின் பின்பக்கத்தில் தேதியோடு வரவு எழுத வைத்து, அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளட்டும். ஜூன் 14உடன் தடைக்காலம் முடிகிறது. வேறு படகில் ஏறவிடாமல் தடுத்தால், நகலோடு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகட்டும். மனுவை நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.